ஒரே சேதி, ஊருக்கொரு நண்பன்: பதிவை எல்லாருக்கும் சேரும்படி பகிர்வது எப்படி

நண்பர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால் இதை எழுதவே வேண்டாம். பென்னாகரத்தில் என்னோடு படித்தவர்களில் ஒருவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், ஷிஃப்ட் இடைவேளையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்க மட்டும்தான் அவனுக்கு நேரம். ஒருத்தி பெங்களூரில், அவளுக்கு எக்ஸும் ப்ளூஸ்கையும். துபாயில் இருப்பவன் ஃபேஸ்புக்கை விட்டு நகர மாட்டான். பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவன் நீளமாக எதையும் படிக்க மாட்டான், ஆனால் குரல் செய்தி அனுப்பினால் வரப்பில் உட்கார்ந்து கடைசிவரை கேட்பான். தங்கையும் அவள் தோழிகளும் இன்ஸ்டாகிராமில். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய் வயல் ஓரத்தில் ஒரு நடுகல்லையோ ஒகேனக்கல்லில் தண்ணீர் விழுவதையோ படம் எடுத்து வந்தால், இத்தனை பேருக்கும் காட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு முறை எழுதுவது, அது தானாகவே எல்லா இடத்துக்கும் போகும்படி ஒரு செயலியில் இணைத்துவிடுவது. போனது, ஆனால் போய்ச் சேரவில்லை. ஓர் இடத்தில் வாக்கியம் பாதியில் அறுந்து நின்றது, இன்னோர் இடத்தில் லிங்க் வெறும் எழுத்தாகக் கிடந்தது, வேறோர் இடத்தில் படமே வரவில்லை. ஓசூர்க்காரன் போன் போட்டு, "டேய், பாதியில நிக்குது, மீதி எங்கடா?" என்று கேட்டான். அவனாவது கேட்டான், மற்றவர்கள் பேசாமல் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அதற்கப்புறம் நான் ஒரு முறையை வைத்துக்கொண்டேன். ஒரு பதிவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

முதலில் மூலத்தை எழுதுங்கள்

எந்தச் செயலியையும் திறப்பதற்கு முன்னால், சொல்ல வேண்டியது முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடுங்கள். போனிலுள்ள நோட்ஸ் செயலி போதும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதுவும் போதும். நேராக ஃபேஸ்புக் பெட்டியில் எழுதத் தொடங்கினால் அது ஃபேஸ்புக்குக்கு ஏற்ற மாதிரியே வளரும், பிறகு அதை வெட்டி எக்ஸில் போடுவது பெரும் பாடு. மூலத்தில் நான்கு விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: என்ன, எங்கே, எந்தத் தேதி, யார் எடுத்த படம். இந்த நான்கில் தேதியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதற்கு நான் பட்டதுதான் காரணம்.

ஒரு ஜூலை மாதம் ஒகேனக்கல் போயிருந்தேன். தண்ணீர் அளவாக இருந்தது, பரிசல் ஓடியது, ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல படம் ஒன்று கிடைத்தது. "இன்று ஒகேனக்கல்லில் குளிக்கலாம், பரிசலும் ஓடுகிறது, கிளம்பி வாங்க" என்று எழுதிப் போட்டேன். பதினோரு நாள் கழித்துச் சேலத்திலிருந்து என் சித்தி குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது. எந்தக் குரூப்பையெல்லாம் சுற்றியோ அந்தப் பதிவு அன்று காலையில்தான் சித்தியின் போனுக்குப் போயிருக்கிறது. "இன்று" என்றுதானே எழுதியிருந்தேன், அவர்கள் அந்த இன்றைத் தங்கள் இன்று என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் கர்நாடகத்தில் மழை பெய்து, அங்குள்ள அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டு, பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து ஏறிக்கொண்டே போய், மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை போட்டிருந்தது. குழந்தைகள் மாற்றுத்துணிப் பையைக் கட்டிப்பிடித்தபடி தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அழுதார்கள். மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். சித்தி என்னைத் திட்டவில்லை, "நீ போட்டதுதாம்பா" என்று மட்டும் சொன்னார், அதுவே போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து "இன்று", "நேற்று", "இப்போது", "இந்த வாரம்" என்ற சொற்களைத் தனியாக விடுவதில்லை. "ஜூலை 14, ஞாயிறு, காலை 10 மணி நிலவரம்" என்று எழுதுகிறேன். எழுத்தில் மட்டும் போட்டால் போதாது, படத்தை மட்டும் சேமித்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம், அப்போது எழுத்து பின்தங்கிவிடும். எனவே நிலவரம் சொல்லும் படமாக இருந்தால் போனின் எடிட் வசதியிலேயே படத்தின் ஒரு மூலையில் தேதியையும் ஊரையும் எழுதிவிடுங்கள். அணை நீர்மட்டம், தொப்பூர் கணவாயில் போக்குவரத்து, தக்காளி விலை, பஸ் நேரம், ரத்தம் தேவை என்ற வேண்டுகோள், இவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். ரத்தம் தேவை என்பதில் தேதியோடு, தேவை முடிந்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே இடங்களில் போடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை இடத்துக்கு ஏற்ப வெட்டுவது

எக்ஸ், அதாவது நாம் கீச்சு கீச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய ட்விட்டர், 2006இல் தொடங்கி 140 எழுத்தில் இருந்தது, 2017 நவம்பரில் 280 ஆனது. பணம் கட்டாதவர்களுக்கு இன்றும் அதே 280தான். ஆனால் இந்த 280 தமிழுக்கு வரும்போது 280 எழுத்தாக இருப்பதில்லை. தருமபுரி என்று எழுதிப் பாருங்கள். நமக்கு அது த, ரு, ம, பு, ரி என ஐந்து எழுத்து. அங்கே அது எட்டு. ரு என்பதை ர ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டாக எண்ணும், பு, ரி இரண்டும் அப்படித்தான். ஒகேனக்கல் நமக்கு ஆறு, அங்கே ஒன்பது. கிருஷ்ணகிரி இன்னும் மோசம், நம் ஆறு எழுத்து அங்கே பதினொன்று. புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யும் இரண்டாகத்தான் போகும். எனவே தமிழில் எழுதும்போது கையில் இருப்பது ஏறக்குறைய 170, 180 எழுத்து என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள், இருபது இருபத்தைந்து சொல் வரும். லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23 என்றுதான் கழிப்பார்கள், ஆகவே லிங்கைச் சுருக்கிப் போடுவதால் அங்கே எந்த லாபமும் இல்லை.

ப்ளூஸ்கை 300 என்கிறது. பார்த்தால் எக்ஸைவிட இருபதுதான் அதிகம், ஆனால் அது எண்ணும் விதம் வேறு: கண்ணுக்குத் தெரியும் எழுத்தை ஒன்றாக எண்ணும், ரு என்றால் ஒன்று, தருமபுரி என்றால் ஐந்து. அதனால் தமிழ் எழுதுகிறவருக்கு அங்கே கிட்டத்தட்ட இரண்டு பங்கு இடம் கிடைக்கிறது. பெங்களூர்த் தோழிதான் இதை எனக்குக் காட்டினாள், எக்ஸில் இரண்டு கீச்சாக உடைத்ததை அவள் அங்கே ஒரே பதிவாகப் போட்டிருந்தாள். த்ரெட்ஸில் 500, மாஸ்டடானில் பெரும்பாலான சர்வர்களில் 500.

வெட்டும்போது செய்யும் தப்பு, மூலத்தின் முதல் நான்கு வரியை அப்படியே எடுத்து ஒட்டுவது. மூலத்தில் நீங்கள் காலையில் எழுந்தது, டீ குடித்தது, வண்டி எடுத்தது என்று தொடங்கியிருப்பீர்கள், குறும்பதிவில் அதற்கு இடம் கிடையாது. நடுகல் பற்றிய ஒரு மூலத்தை நான் இப்படி மாற்றினேன். ஃபேஸ்புக்குக்கு: "அரூர் போகும் வழியில் ஒரு சோளக்கொல்லையின் வரப்பில் சாய்ந்து நின்றது இந்தக் கல். நிலத்துக்காரர் ஐயா பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார், வேடியப்பன் என்கிறார். வலக்கையில் வாள், இடக்கையில் வில், காலடியில் மாடுகள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனாக இருக்க வேண்டும்..." என்று பன்னிரண்டு வரி. எக்ஸுக்கு: "மாடு மீட்கப் போய் இறந்தவனுக்கு நட்ட கல். அரூர் பக்கம், ஒரு சோளக்கொல்லை வரப்பில். காலடியில் அந்த மாடுகளும் இருக்கின்றன, பாருங்கள்." கடைசி வார்த்தை படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வைக்கிறது, அது போதும். தங்கைக்கான இன்ஸ்டாகிராமில் முதல் படம் முழுக்கல், இரண்டாவது படம் காலடி மாடுகள் மட்டும் நெருக்கத்தில், தலைப்பில் இரண்டே வரி.

விஷயம் பெரிதாக இருந்தால் எக்ஸிலும் ப்ளூஸ்கையிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இழையாகப் போடலாம். முதல் கீச்சு தனியாக நின்று பொருள் தர வேண்டும், ஏனென்றால் பகிரப்படுவது பெரும்பாலும் அது மட்டும்தான். தேதியும் ஊரும் அந்த முதல் கீச்சிலேயே இருக்கட்டும். "இழை, 1/9" என்று போட்டுவிட்டு முதலில் சஸ்பென்ஸ் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், என் அனுபவத்தில் இரண்டாவதுக்குப் போகிறவர் குறைவு.

ஹேஷ்டேக் பற்றி ஒரு உள்ளூர் விஷயம். அரசு ஆவணத்தில் தருமபுரி, ஊரில் பாதிப் பேர் எழுதுவது தர்மபுரி. ஹேஷ்டேகுக்கு இவை இரண்டும் இரண்டு வேறு ஊர். ஒன்றைத் தேடுகிறவருக்கு மற்றது வராது. எனவே நான் இரண்டையும் போடுகிறேன். இடைவெளி விட்டால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும், இரண்டு சொல் வேண்டுமென்றால் ஒட்டி எழுதுங்கள் அல்லது நடுவில் அடிக்கோடு வையுங்கள். நான்கைந்துக்கு மேல் வேண்டாம், பதிவை விட ஹேஷ்டேக் நீளமாக இருந்தால் நண்பன் அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவான்.

லிங்க் திறக்கிறதா என்று நீங்களே பாருங்கள்

இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃபேஸ்புக்கில் போட்டதன் லிங்கை வாட்ஸ்அப் குரூப்பில் கொடுத்திருந்தேன், "இந்தப் பதிவு கிடைக்கவில்லை என்று வருது" என்று நான்கு பேர் சொன்னார்கள். நான் அந்தப் பதிவை நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தேன், எனக்கு மட்டும் நன்றாகத் திறக்கும், அதனால் தெரியவில்லை. பூட்டிய இன்ஸ்டாகிராம் கணக்கில் போட்டதும் அப்படித்தான், உங்களைப் பின்தொடராதவருக்குத் திறக்காது. எக்ஸில் பூட்டிய கணக்கென்றால் மற்றவர்கள் ரீபோஸ்ட்டும் செய்ய முடியாது. சோதிக்க எளிய வழி: லிங்கை நகலெடுத்து, பிரவுசரில் மறைநிலைத் தாவலை, அதாவது இன்காக்னிட்டோவைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் ஒட்டிப் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறதோ அதுதான் கணக்கே இல்லாத உங்கள் நண்பனுக்கும் தெரியும். சில தளங்கள் உள்ளே நுழையச் சொல்லி மறித்துக்கொண்டு நிற்கும், அப்படி நின்றால் லிங்கை மட்டும் நம்பாமல் விஷயத்தை இரண்டு வரியில் எழுதிப் படத்தோடு அனுப்புங்கள்.

லிங்கின் வாலையும் கொஞ்சம் பாருங்கள். யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ பகிர் பொத்தானை அழுத்தி எடுத்த லிங்கில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஏதோ தொங்கும், யார் மூலமாக யாருக்குப் போகிறது என்று கணக்கு வைக்கத்தான் அது. பெரும்பாலும் கேள்விக்குறியிலிருந்து கடைசிவரை அழித்துவிட்டாலும் லிங்க் வேலை செய்யும். யூடியூபின் நீளமான முகவரியில் மட்டும் கவனம், அங்கே கேள்விக்குறிக்குப் பிறகு "v=" என்று தொடங்கும் துண்டுதான் வீடியோவின் அடையாளம், அதைத் தொடக்கூடாது. அழித்த பிறகு ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரு மணி நேரப் பேச்சில் 34ஆவது நிமிடம்தான் விஷயம் என்றால், கணினியில் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து அந்த நேரத்தோடு லிங்கை எடுக்கலாம், அல்லது சும்மா "34ஆவது நிமிடத்திலிருந்து பார்" என்று எழுதிவிடுங்கள். முழுவதையும் பார்க்கச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை.

சுருக்கிய லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, வங்கி, மின்கட்டணம் என்ற பெயரில் வரும் மோசடி லிங்குகளுக்குப் பயந்து, எங்கே போகிறது என்று தெரியாத லிங்கை விவரம் தெரிந்தவர்கள் தொடுவதில்லை, தொடக்கூடாது என்றுதான் நாமும் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியிருக்க நாமே அதை அனுப்பலாமா. யாராவது பணம் இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், இதையும் குரூப்பில் ஒருமுறை போட்டு வைப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் கொஞ்சம் நிதானம்

நம் பக்கத்தில் மற்ற எல்லாத் தளங்களையும் சேர்த்தாலும் வாட்ஸ்அப் அளவுக்கு வராது, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆகவே அன்றைய படத்துக்கு அது சரி, வைத்துப் பார்க்க வேண்டிய விஷயத்துக்குச் சரிவராது. பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஒரே செய்தி தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் போகும், பதில் உங்களுக்கு மட்டும் வரும், குரூப் போலக் கூச்சல் இருக்காது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும். ஆறு மாதமாக அனுப்புகிறேன், அவன் ஒன்றுமே சொல்வதில்லையே என்று நான் வருத்தப்பட்ட நண்பன், போன் மாற்றியபோது என் எண்ணை இழந்திருந்தான், அவ்வளவுதான் விஷயம்.

ஃபார்வர்டு செய்வதை முடிந்தவரை தவிருங்கள். 2018இல் வதந்திகளால் இந்தியாவில் பல ஊர்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கினார்கள். 2020 ஏப்ரலிலிருந்து, பல கை மாறி வந்து இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். அந்த இரட்டை அம்பைப் பார்த்தாலே படிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான். நீங்களே எழுதியதாக இருந்தால் மூலத்திலிருந்து நகலெடுத்து ஒட்டி, மேலே அந்த நண்பனுக்கு என்று ஒரு வரி சேருங்கள். "உங்க தாத்தா ஊர் பக்கம் எடுத்தது", "நீ கேட்ட மாமரக் கவாத்து வீடியோ", "நாலாவது படத்தில் நம்ம ஸ்கூல் மதில் தெரியுது பார்". அந்த ஒரு வரி இருந்தால் பதில் வருகிறது. பாலக்கோட்டு நண்பனுக்குப் படத்தை அனுப்பிவிட்டு நாற்பது விநாடியில் பேசி அனுப்புகிறேன், அவன் மூன்று நிமிடம் பதில் பேசுவான், பெட்டி என்ன விலைக்குப் போனது என்பது உட்பட.

படத்தின் தரம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும் முன் மேலே எச்டி என்ற குறியைத் தொட்டால் கொஞ்சம் தேவலை. கல்வெட்டு எழுத்துப் படிக்க வேண்டும், அச்சுக்குப் போக வேண்டும் என்றால் ஃபைலாக, அதாவது டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள், எடுத்தபடியே போகும். ஆனால் அப்படிப் போகும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த இடமும் சேர்ந்து போகும், கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால். வீட்டில் எடுத்த குழந்தைகள் படத்தை முன்பின் தெரியாதவருக்கு அப்படி அனுப்பிவிடாதீர்கள்.

இடத்தைச் சொல்லக் கூடாத நேரங்கள்

எங்கே என்பதை எழுதச் சொன்ன நானே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் யானை இறங்கினால் அடுத்த பத்தாவது நிமிடத்தில் வீடியோ வந்துவிடுகிறது, கூடவே சரியான இடமும். அதைப் பார்த்துவிட்டு இளவட்டங்கள் பைக்கில் கிளம்பிப் போய்ச் சுற்றி நிற்க, யானை மிரண்டு ஊருக்குள் திரும்பினால் யாருக்கு ஆபத்து? அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது வனத்துறைக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும்தான். மற்றவர்களுக்கு அது காட்டுக்குள் திரும்பிய பிறகு, மறுநாள், இடத்தைப் பொதுவாகச் சொல்லிப் போடுங்கள். நடுகற்களிலும் நான் ஒன்றியத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன், சர்வே எண்ணோ வரைபடப் புள்ளியோ கொடுப்பதில்லை. புதையல் என்று நம்பிக் கல்லடியில் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நிலத்துக்காரருக்கும் தொந்தரவு. ஆராய்ச்சி செய்கிறவர் கேட்டால் தனியாகச் சொல்லலாம்.

படத்தில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். எருது விடும் விழாவில் ஆயிரம் பேர் கூட்டம் வேறு, ஒரு பாட்டி களி கிண்டிக்கொண்டிருக்கும் நெருக்கப் படம் வேறு.

அடுத்தவர் எடுத்ததைப் பகிரும்போது

நல்ல படம் என்று சேமித்து, நம் பக்கத்தில் நாமே எடுத்தது போலப் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது, எனக்கு இது மிகவும் வருத்தம். அதிகாலையில் மேலகிரி மலையேறி மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்தவர் ஒருவர், பெயர் வாங்கிக்கொள்பவர் இன்னொருவர். அந்தத் தளத்துக்குள்ளேயே ரீபோஸ்ட் அல்லது பகிர் பொத்தானை அழுத்தினால் அவர் பெயரோடு போகும், அதைச் செய்யுங்கள். வேறு தளத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரு வரி அனுப்பிக் கேளுங்கள், நான் கேட்டவர்களில் மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெயரையும் தேதியையும் வெட்டாமல் எடுங்கள்.

செய்தியாக இருந்தால் அது முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பர்கூருக்குப் பக்கத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருளின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது கிருஷ்ணகிரிக்காரர்கள் எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. ஏறக்குறைய 4,200 ஆண்டு, அந்த உண்மையே போதுமான அளவு பெரியது. ஆனால் கை மாறக் கை மாற இந்த மாதிரி எண்கள் வளர்ந்துகொண்டே போகும். அதனால் எண் வரும் எதையும் அரசு அறிக்கையிலோ நாளிதழிலோ ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த லிங்கையே பகிருங்கள். சந்தேகமான படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும், வெள்ள வீடியோக்களில் பல வேறு வருடத்தவை, வேறு நாட்டினவை. தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், யூடர்ன் போன்ற இடங்களில் தமிழிலேயே தேடிப் பார்க்கலாம்.

தானாகப் போட வைக்கும் வசதிகளை நான் அடியோடு விலக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் போடுவதை ஃபேஸ்புக்குக்கும் அனுப்ப உள்ளேயே வழி இருக்கிறது, படம் மட்டும் என்றால் அது சரியாகவே போகிறது. பஃபர் போன்ற கருவியில் மூன்று கணக்குகள்வரை இலவசமாக இணைத்து, நேரம் குறித்து வைக்கலாம். நான் அதை நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன், எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், அவன் வேலை முடித்து அறைக்கு வந்து போனை எடுக்கும்போது நமக்குப் பத்தரை. ஓசூர்க்காரனுக்கு மதியம் ஒரு மணி.

பென்னாகரத்தில் பார்வை மிகக் குறைந்த நண்பர் ஒருவர் இருக்கிறார், போன் படித்துச் சொல்லத்தான் எல்லாம் கேட்பார். வெறும் படத்தைப் போட்டால் அவருக்கு அது "படம்" என்ற ஒரு சொல் மட்டும்தான். எக்ஸ், ப்ளூஸ்கை, மாஸ்டடான், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் படத்துக்கு விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது, "அருவி மூன்றாகப் பிரிந்து விழுகிறது, முன்னால் காலிப் பரிசல்கள் கவிழ்த்து வைத்திருக்கின்றன" என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். முதல்முறை எழுதிய அன்று அவர் கூப்பிட்டு, கவிழ்த்து வைத்த பரிசல் எத்தனை என்று கேட்டார்.

தப்பாகப் போட்டுவிட்டால்

எங்கெங்கே போட்டீர்கள் என்பதை மூலத்தின் அடியிலேயே குறித்து வைத்திருங்கள், திருத்தும்போது அது கைகொடுக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான், எல்லாரிடமிருந்தும் அழிக்க இரண்டு நாள் சொச்சம். ஃபேஸ்புக்கில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். எக்ஸில் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் திருத்தும் வசதி, மற்றவர்கள் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும், அல்லது அதற்குக் கீழேயே பதிலாகத் திருத்தம் எழுத வேண்டும். ஏற்கெனவே பலர் பகிர்ந்துவிட்டார்கள் என்றால் சத்தமில்லாமல் அழிப்பதைவிட, "முன்பு போட்டதில் தேதி தவறு, சரியானது இது" என்று புதிதாகவும் போடுவதுதான் நியாயம். சித்தி வந்து போன அன்று இரவு அந்தப் பழைய பதிவு இருந்த ஐந்து இடத்திலும் நான் போய் அதைத்தான் செய்தேன். இரண்டு குரூப்பில் அதற்குள் வேறு யாரோ அதை மறுபடி ஃபார்வர்டு செய்திருந்தார்கள், அங்கேயும் பதிலாக எழுதினேன்.

கடைசியாக, மூலத்தையும் அசல் படங்களையும் உங்கள் கையில் வைத்திருங்கள். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில், நம் மொழிகளுக்காகவே வந்த கூ 2024 ஜூலையில். ஆர்குட்டில் எங்கள் கல்லூரி நாள் படங்கள் இருந்தன, எடுத்தவனிடமும் இப்போது இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் எல்லாவற்றிலும் அமைப்புகளுக்குள் போனால் உங்கள் தரவைப் பதிவிறக்க ஒரு வழி இருக்கும். கேட்டவுடன் கிடைக்காது, தயாரானதும் தெரிவிப்பார்கள், வந்த பிறகு சில நாட்களுக்குள் இறக்கிவிட வேண்டும். கோப்பு பெரிதாக இருக்கும், போன் டேட்டாவில் முயற்சி செய்ய வேண்டாம், வைஃபை இருக்கும் வீட்டில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை பொங்கல் விடுமுறையில் இறக்கி, ஒரு பென் டிரைவில் வருடம் எழுதிய ஃபோல்டரில் போட்டுத் தங்கையிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கிறேன்.